தூக்குமேடையா கொலைகளைக் குறைத்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் மரண தண்டனை குறித்து வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். நானூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் கொலைகள் மலிந்திருந்தன என்றும், ஊர் கூடிப் பார்க்கக் குற்றவாளிகளைத் தூக்கிலிட்டதால்தான் அவை படிப்படியாகக் குறைந்தன என்றும், ஆகவே நம் நாட்டிலும் தண்டனையைக் கடுமையாக்கி விரைந்து நிறைவேற்ற வேண்டும் என்றும் கட்டுரையாளர் வாதிட்டிருக்கிறார். கொலைகள் மலிந்திருந்ததும் பிறகு குறைந்ததும் உண்மை. தூக்குமேடையால் குறைந்தன என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. அந்தக் காலத்து ஆவணங்கள் பெரும்பாலும் அதற்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன. பள்ளியில் பல ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்ற முறையிலும், உயிரைப் பறிக்கும் தண்டனைக்குத் தவறான வரலாறு முட்டுக்கொடுக்கக் கூடாது என்ற கவலையாலும் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் எண்களைப் பார்ப்போம். பழைய நீதிமன்றப் பதிவுகளை வரலாற்றாய்வாளர்கள் திரட்டிக் கணித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் ஆண்டுதோறும் லட்சம் பேருக்கு இருபதுக்கு மேற்பட்டோர் கொலையுண்டனர். 1600ஐ ஒட்டி இது ஆறு அல்லது ஏழாக இறங்கி, 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏறத்தாழ ஒன்றரைக்கு வந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகச் சொல்வதானால், 2022இல் இந்தியாவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவுசெய்த கொலை விகிதம் லட்சத்துக்கு 2.1. பழைய எண்கள் தோராயமானவையே. அன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கிடையாது. இன்று ஓர் அரசு மருத்துவமனையில் தையல் போட்டு, ஊசி மருந்து கொடுத்துப் பிழைக்க வைக்கக்கூடிய கத்திக்குத்து அன்று சீழ்பிடித்து ஒரு வாரத்தில் ஆளைக் கொன்றுவிடும். அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் இறக்கம் பெரிது, அதில் ஐயமில்லை.

ஆனால் யார் யாரைக் கொன்றார்கள், எதற்காகக் கொன்றார்கள் என்பதைப் பார்க்காமல் கொலை ஏன் குறைந்தது என்று சொல்லிவிட முடியாது. இதற்கு இங்கிலாந்தின் ஆவணங்களைப் போல உதவுபவை குறைவு. அங்கே 1194 முதலே கரோனர் என்ற மரண விசாரணை அதிகாரி இருந்தார். இயற்கைக்கு மாறான சாவு என்றால் அவர் அக்கம்பக்கத்தாரை ஜூரிகளாகக் கூட்டி, பிணத்தை நேரில் பார்த்து, காயத்தின் நீள ஆழத்தை அளந்து, கொன்ற கருவிக்கு ஒரு விலையும் போட்டு எழுதிவைக்க வேண்டும். கொலைக் கருவி அரசுக்குச் சேரவேண்டிய பொருள் என்பதால்தான் இந்த விலை மதிப்பு.

1596 டிசம்பரில் லண்டனை அடுத்த ஷோர்டிச்சில், ஒரு நாவிதர் வீட்டில், கேப்ரியல் ஸ்பென்சர் என்ற நாடக நடிகருக்கும் ஜேம்ஸ் ஃபீக் என்பவருக்கும் வாய்ச்சண்டை மூண்டது. ஃபீக் கையில் அகப்பட்டது ஒரு செப்பு மெழுகுவர்த்தித் தாங்கி. அதன் மதிப்பு 6 பென்னி. அதை அவர் எறிய ஓங்கியபோது, ஸ்பென்சர் தன் ரேப்பியரை, அதாவது இடுப்பில் தொங்கும் மெல்லிய நீள வாளை, உறையோடு சேர்த்தே அவர் வலது கண்ணுக்கும் புருவத்துக்கும் இடையில் குத்தினார். ஃபீக் மூன்று நாள் கிடந்து இறந்தார். ஸ்பென்சர் தூக்கிலிடப்படவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1598 செப்டம்பர் 22 அன்று, அதே வட்டாரத்தின் ஹாக்ஸ்டன் வயல்வெளியில் நடந்த வாள்சண்டையில் அவரே கொல்லப்பட்டார். கொன்றவர் பின்னாளில் அரசவைக்கே நாடகங்கள் எழுதிப் பெரும்புகழ் பெற்ற பென் ஜான்சன். வாளின் மதிப்பு 3 ஷில்லிங். வலது விலாவில் ஆறு அங்குல ஆழக் காயம் என்று குற்றப்பத்திரம் சொல்கிறது. ஜான்சனும் தூக்கிலிடப்படவில்லை. அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோவின் சாவு இன்னும் நன்கு அறியப்பட்டது. 1593 மே 30 அன்று டெட்ஃபர்டில் ஒரு வீட்டில் நான்கு ஆண்கள் காலையில் கூடினார்கள். உண்டார்கள், தோட்டத்தில் உலாவினார்கள், மாலை ஆறு மணிக்குத் திரும்பி வந்து இரவு உணவும் உண்டார்கள். சாப்பாட்டுக்கு யார் பணம் கொடுப்பது என்பதில் தகராறு. கட்டிலில் படுத்திருந்த மார்லோ, தனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த இங்கிராம் ஃப்ரைசரின் குத்துவாளை உருவி அவர் தலையில் இரண்டு வெட்டுகள் போட்டார் என்றும், தற்காத்துக்கொள்ளும் போராட்டத்தில் அதே குத்துவாள் மார்லோவின் வலது கண்ணுக்கு மேல் இரண்டு அங்குல ஆழம் இறங்கி அவர் அங்கேயே இறந்தார் என்றும் பதினாறு ஜூரிகள் தீர்ப்பளித்தனர். குத்துவாளின் மதிப்பு 12 பென்னி. ஒரு மாதம் ஆவதற்குள் அரசி எலிசபெத்தின் மன்னிப்பு ஃப்ரைசருக்குக் கிடைத்துவிட்டது. மார்லோ ஒற்றர்களோடு பழகியவர் என்பதால் இது அரசியல் கொலை என்று வாதிடுவோர் உண்டு. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும் என் கருத்துக்கு ஊறில்லை. நாள் முழுதும் சேர்ந்து உண்டு களித்த ஆண்கள் சாப்பாட்டுக் கணக்குக்காகக் குத்திக்கொண்டு செத்தார்கள் என்ற கதையைப் பதினாறு பேர் மறுப்பின்றி ஏற்றார்கள் அல்லவா? அக்காலத்தில் அது நம்பக்கூடிய, அன்றாடம் நடக்கக்கூடிய ஒன்றாக இருந்தது.

அக்காலக் கொலைகளில் பெரும்பகுதி இந்த வார்ப்பில்தான் அமைந்திருக்கிறது. கொன்றவரும் ஆண், செத்தவரும் ஆண். இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். இடம் மதுக்கடை, தெரு, சூதாடும் களம். தொடக்கம் ஒரு சொல், ஒரு தள்ளு, எல்லார் முன்னிலும் ஏற்பட்ட ஓர் அவமானம். ‘பொய்யன்’ என்று ஒருவனைச் சொன்னால் அவன் சும்மா இருந்துவிட முடியாது; இருந்தால் நாளை அவனை எவரும் மதிக்க மாட்டார்கள். ஆயுதமோ எப்போதும் கையருகில். ஏழையிடம் இறைச்சி அறுக்கும் கத்தி, வசதியானவரிடம் குத்துவாளும் வாளும். திட்டமிட்டு, மறைந்திருந்து கொல்வது இதில் சிறுபங்கே. தூக்குக்கயிற்றை நினைத்துப் பார்த்து லாபநட்டம் கணக்கிட்டு ஓங்கிய கைகள் அல்ல இவை. கட்டுரையாளரின் வாதம் தடுமாறும் முதல் இடம் இதுவே.

அடுத்தது, கொன்றவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது. பென் ஜான்சன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மதகுருச் சலுகை கோரினார். முற்காலத்தில் குருமார்களை அரசனின் நீதிமன்றம் தண்டிக்கக் கூடாது என்றிருந்த விதி, காலப்போக்கில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்கள் அனைவருக்கும் நீண்டிருந்தது. நீதிபதியின் முன் வேதபுத்தகத்தில் ஒரு வசனத்தை, வழக்கமாகச் சங்கீதம் 51இன் ‘தேவனே, உமது கிருபையின்படி எனக்கு இரங்கும்’ என்ற தொடக்கத்தை, படித்துக் காட்டினால் போதும். பெருவிரலில் ஒரு சூடு போட்டு விட்டுவிடுவார்கள். ஜான்சன் படித்தார், பிழைத்தார். திட்டமிட்டுக் கொன்றவருக்கு இச்சலுகை இல்லை என்பது உண்மைதான். ஆனால் திடீர்ச் சண்டையில் கொன்றவருக்கு உண்டு. பெரும்பாலான கொலைகளோ திடீர்ச் சண்டைகள். அதே காலத்தில் குதிரை திருடியவருக்கும், வழிப்பறி செய்தவருக்கும், பிக்பாக்கெட் அடித்தவருக்கும் இச்சலுகை பறிக்கப்பட்டிருந்தது. பெண்களுக்கு 1624 வரை எந்தக் குற்றத்துக்கும் அது கிடையாது. 12 பென்னிக்கு மேல் மதிப்புள்ள பொருளைத் திருடுவது சட்டப்படி மரண தண்டனைக்குரிய குற்றம். மார்லோவைக் கொன்ற குத்துவாளின் விலை இது என்பதை வாசகர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்து மட்டுமல்ல. பிரான்சில் கொலை செய்தவர் மன்னனுக்கு மனு எழுதி மன்னிப்புக் கடிதம் பெறலாம். நான் வம்புக்குப் போகவில்லை, அவன்தான் முதலில் என் மானத்தில் கைவைத்தான் என்று நம்பும்படி சொல்லத் தெரிந்தால் போதும். நெதர்லாந்தின் நகரங்களில் கொன்றவன் குடும்பமும் செத்தவன் குடும்பமும் பணம் கைமாறி, பலர் முன்னிலையில் சமாதானம் செய்துகொள்ளும் வழக்கம் 16ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது. இவை எதுவும் வாய்க்காதவன் அடுத்த ஆட்சிப்பகுதிக்கு ஓடிவிடுவான்.

அப்படியானால் தூக்குமேடையில் ஏறியவர்கள் யார்? பெரும்பாலும் திருடர்கள். 1662இல் லண்டனின் மரணப் பட்டியல்களை ஆராய்ந்து நூல் எழுதிய ஜான் கிரான்ட் என்ற துணி வணிகர் இதை நேரில் கண்டு எழுதியிருக்கிறார். இருபது ஆண்டுகளில் இறந்த 2,29,250 பேரில் கொலையுண்டவர்கள் 86 பேருக்கு மேல் இல்லை என்று அவர் எண்ணிச் சொல்கிறார். இந்த எண்ணில் விடுபட்டவர்கள் பலர் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். பிறந்தவுடன் இறந்துகிடந்த சிசுக்களையும், காயம்பட்டுப் பல நாள் கழித்துச் செத்தவர்களையும் அப்பட்டியல்கள் சரியாகக் கணக்கில் எடுக்கக்கூடியவை அல்ல. ஆனால் கொலை ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கு அவர் தரும் விளக்கம் முக்கியமானது. நகரைக் குடிமக்களே முறைவைத்துக் காவல் காப்பது ஒரு காரணம்; இரத்தம் சிந்துவதை மக்களே வெறுப்பது மற்றொரு காரணம். தூக்குத்தண்டனையை அவர் காரணமாகச் சொல்லவில்லை. மாறாக, தூக்கிலிடப்படுவோரில் கொலைக்காகத் தூக்கிலிடப்படுவோர் சிலரே என்பதைத் தம் கூற்றுக்குச் சான்றாக வைக்கிறார்.

கால வரிசையும் கட்டுரையாளருக்குத் துணை நிற்கவில்லை. இங்கிலாந்தில் தூக்குத்தண்டனைகள் உச்சத்தில் இருந்தது 1600ஐ ஒட்டிய பத்தாண்டுகளில். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவை வெகுவாகக் குறைந்தன. கொலைகளும் அதே காலத்தில் தொடர்ந்து குறைந்தன. கட்டுரையாளர் வியந்து சொல்லும் கொலைச் சட்டம், அதாவது கொலையாளியை இரண்டே நாளில் தூக்கிலிட்டு உடலை அறுத்துப் பார்க்க மருத்துவர்களிடம் ஒப்படைக்கச் சொன்ன சட்டம், நடைமுறைக்கு வந்தது 1752இல். கொலை விகிதம் அதற்கு முன்பே ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இறங்கிவந்து அடிமட்டத்தை நெருங்கிவிட்டது. பின்னால் வந்த சட்டம் முன்னால் நடந்ததற்குக் காரணமாக முடியாது.

கடுமை மட்டும் போதும் என்றால் ரோம் நகரம் ஐரோப்பாவிலேயே அமைதியான ஊராக இருந்திருக்க வேண்டும். 1585 முதல் 1590 வரை போப்பாண்டவராக இருந்த ஐந்தாம் சிக்ஸ்டஸ் கொள்ளையரை ஈவிரக்கமின்றிக் கொன்று, வெட்டிய தலைகளைச் சான்ட் ஆஞ்சலோ பாலத்தில் வரிசையாக வைத்தவர். அவர் மறைந்து பதினாறு ஆண்டுகள் கழித்து, 1606 மே 28 அன்று, அதே ஊரில் ஓவியர் காரவாஜியோ, ரனுச்சியோ தொமாசோனி என்பவரைத் தெருச்சண்டையில் தொடையில் குத்திக் கொன்றுவிட்டுத் தப்பி ஓடினார். அவருக்குத் தலைவெட்டுத் தண்டனை அறிவிக்கப்பட்டது. நேப்பிள்ஸும் மால்டாவும் அவருக்கு இடம் கொடுத்தன. வட ஐரோப்பாவில் கொலைகள் இறங்கிக்கொண்டிருந்த அந்த நூற்றாண்டில் இத்தாலியில் அவை பல மடங்கு அதிகமாகவே நீடித்தன. அங்கே தூக்குமேடைகளுக்குக் குறைவில்லை. நீதிமன்றத்தின் மேல் மக்களுக்கு நம்பிக்கைதான் இல்லை.

என் பார்வையில் விடை இந்த நம்பிக்கையில் இருக்கிறது. 1495இல் வோர்ம்ஸ் நகரில் கூடிய பேரவையில் மன்னர் முதலாம் மாக்சிமிலியன் ஜெர்மானிய நாடுகளெங்கும் பழிக்குப்பழிப் போரைச் சட்ட விரோதமாக்கினார். அதே பேரவையில்தான், அதே ஆண்டில்தான், பேரரசுக்கான உயர் நீதிமன்றமும் நிறுவப்பட்டது. வாளைக் கீழே வை என்று சொன்னவர்கள் வழக்கைக் கொண்டுபோக ஓர் இடத்தையும் காட்டினார்கள். சட்டம் இயற்றிய மறுநாளே பழிவாங்கல் நின்றுவிடவில்லை. பல தலைமுறைகள் ஆயின. இங்கிலாந்தில் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் வழக்காடுவது வியக்கத்தக்க அளவு பெருகியது. கடன் வழக்கு, நில வழக்கு மட்டுமல்ல. தன்னை ஊரறிய இழிவாகப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று திருச்சபை நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட அவதூறு வழக்குகள் மலையாகக் குவிந்தன. முன்பு கத்தியை உருவச் செய்த அதே வசைச்சொற்கள் இப்போது எழுத்தரின் பேனாவால் பதிவாகி, சாட்சிகளோடு விசாரிக்கப்பட்டன. வழக்காடும் குணம் பெருகிவிட்டது என்று அக்காலத்தவர் குறைபட்டுக்கொண்டார்கள். எனக்கு அது பெரும் முன்னேற்றமாகவே தெரிகிறது.

பிரான்சின் ஒற்றைக்கு ஒற்றை வாள்சண்டைகள் இதைத் தெளிவாக்கும். இருவர் வாளெடுத்து மானம் காக்கும் இந்த வழக்கத்தை அரசர்கள் ஆணைமேல் ஆணையிட்டுத் தடுத்தும் பிரபுக்கள் விடவில்லை. மன்னரின் முதன்மை அமைச்சர் கார்டினல் ரிஷ்லியூ 1626இல் கடுமையான ஆணை கொண்டுவந்தார். அதைச் சவாலாகவே எடுத்துக்கொண்ட பூத்வீல் பிரபு 1627 மே மாதம் பாரிஸின் அரச சதுக்கத்தில் பட்டப்பகலில் சண்டையிட்டார்; அடுத்த மாதமே அவர் தலை வெட்டப்பட்டது. நாட்டின் மிக உயர்ந்த குடும்பங்களுள் ஒன்றான மோன்மோரான்சி குடும்பத்தவர் அவர். அதற்குப் பிறகும் ஒற்றைக்கு ஒற்றை வாள்சண்டை பிரான்சில் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தது. அது மெல்ல மெல்ல வலுவிழந்ததற்கு, பிரபுக்களின் மானப் பூசல்களைக் கேட்டுத் தீர்த்துவைக்கத் தளபதிகளின் தீர்ப்பாயம் என்று ஒன்று இயங்கியதும், கைகலப்பு கீழானது, தன்னடக்கமே மேன்மக்களுக்கு அழகு என்ற எண்ணம் அரண்மனையிலிருந்து பரவியதும் பெரிய காரணங்கள். மேல்தட்டினர் இடுப்பு வாளைக் கழற்றிய பிறகும் எளிய மக்களிடம் கத்திச்சண்டை நெடுங்காலம் நீடித்தது. ஆம்ஸ்டர்டாமில் 1700ஐ ஒட்டி அது கூடவும் செய்தது. இறக்கம் எங்கும் நேர்கோட்டில் நிகழவில்லை.

இதை நாகரிகத்தின் வெற்றி என்று மட்டும் எழுதிவிடுவதையும் நான் ஏற்கவில்லை. எது கொலை என்பதை முடிவு செய்ததும் அன்றைய சட்டமே. 1669இல் ஆங்கிலேயக் குடியேற்றமான வர்ஜீனியாவின் சட்டப்பேரவை, ‘திருத்துவதற்காக’ அடிக்கும்போது அடிமை இறந்துபோனால் எஜமான் குற்றவாளி அல்ல என்று சட்டம் இயற்றியது. இங்கிலாந்திலேயே மனைவி கணவனைக் கொன்றால் அது சாதாரணக் கொலை அன்று, சிறு ராஜத்துரோகம். அவளை உயிரோடு எரிக்கும் தண்டனை 1790 வரை சட்டத்தில் இருந்தது. கணவன் மனைவியைக் கொன்றால் வெறும் கொலை.

கடுமையின் விளைவைக் காட்ட இன்னும் இரண்டு சட்டங்களைச் சொல்ல வேண்டும். 1624இல் இங்கிலாந்து இயற்றிய சட்டத்தின்படி, மணமாகாத பெண் தன் சிசுவின் சாவை மறைத்தால், அது இறந்தே பிறந்தது என்று சாட்சி வைத்து நிரூபிக்காதவரை, அவள் கொலைகாரி. பெரும்பாலும் வீட்டு வேலைக்காரிகளே இதில் சிக்கினார்கள். தனியறையில் பிள்ளை பெற்றவளுக்குச் சாட்சிக்கு யார் கிடைப்பார்கள்? தொடக்கத்தில் பலர் தூக்கிலிடப்பட்டனர். 18ஆம் நூற்றாண்டில் ஜூரிகளுக்கு மனம் வரவில்லை. பிறக்கப்போகும் குழந்தைக்காக அவள் ஒரு சிறு துணியாவது தைத்து வைத்திருந்தாள் என்று யாராவது சொன்னால், மறைக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை என்று கூறி விடுவித்துவிடுவார்கள். ஒரு குழந்தைத் தொப்பி, ஒரு துண்டு லினன் துணி நீதிமன்ற மேசையில் உயிர்காக்கும் சான்றாக வைக்கப்பட்டது. கடுமையாலேயே செயலிழந்த அச்சட்டத்தை 1803இல் நீக்கினார்கள்.

மற்றொன்று டென்மார்க்கின் சட்டம். வட ஜெர்மனியிலும் ஸ்காண்டிநேவியாவிலும் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஒருவகைக் கொலை நீதிபதிகளைக் கலங்கடித்தது. வாழ்க்கை வெறுத்தவர்கள், தற்கொலை செய்தால் நரகம் என்று அஞ்சி, முன்பின் அறியாத ஒரு குழந்தையைக் கொன்றுவிட்டுத் தாமே சரணடைவார்கள். களங்கமற்ற குழந்தை சொர்க்கம் சேரும். தமக்குப் பாதிரியாரின் துணையோடு மனந்திருந்த அவகாசம் கிடைக்கும். பிறகு அரசே தம்மைக் கொன்றுவிடும் என்பது அவர்கள் கணக்கு. பொதுமக்கள் திரளும், பாடலும் ஜெபமும் சூழ்ந்த கொலைக்களம் அவர்களை அச்சுறுத்தவில்லை, அழைத்தது. 1767 டிசம்பரில் டென்மார்க் அரசு, சாகவேண்டும் என்பதற்காகவே கொல்பவர்களுக்கு மரண தண்டனை இல்லை, சவுக்கடியும் சூடும் ஆயுள் முழுதும் கடும் உழைப்புமே தண்டனை என்று ஆணையிட்டது. மரண தண்டனையே அப்பாவிக் குழந்தைகளின் சாவுக்குக் காரணமாவதை அந்த அரசு கண்டுகொண்டது.

இப்பொருளில் தொடர் கட்டுரைகள் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். ஐரோப்பிய வரலாற்றை அவற்றில் மேற்கோள் காட்டும்போது, தூக்கிலிடப்பட்டவர்கள் எந்தக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார்கள், கொலை குறையத் தொடங்கியது எந்த ஆண்டில், வழக்கு மன்றங்கள் எப்போது எளிய மக்களுக்கு எட்டின என்ற மூன்றையும் கட்டுரையாளர்கள் சரிபார்த்து எழுதும்படி தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். கடந்த கட்டுரையில் 1752ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிய பகுதிக்கு ஒரு திருத்தக் குறிப்பும் வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் வாசகர், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்.